சொல் துறந்த படமும் பெயர் கற்ற மனிதனும்

"பரக்கத்" என்னும் சொல்லை அறியாத முஸ்லிம் இல்லம் தமிழகத்தில் இராது. அரிசிப் பானையில் கைவைக்கும் தாயும், கடை திறந்து முதற் பணத்தை வாங்கும் வணிகரும், மணமக்களை வாழ்த்தும் பெரியோரும் அச்சொல்லை நாவிலே கொண்டுள்ளனர். அரபு மொழியில் அதன் வேர் பா, ரா, காஃப் என்னும் மூன்று எழுத்துகள். ஒட்டகம் முழங்கால் மடித்து ஓரிடத்தில் அமர்வதை இவ்வேரிலிருந்து பிறந்த வினைச் சொல்லாலேயே அரபியர் குறித்தனர். ஓடிவிடாமல் தேங்கி நிற்கும் நீர்நிலைக்கு "பிர்க்கா" என்று பெயர். ஆகவே பரக்கத் என்பது வெறும் மிகுதியன்று. வந்த நன்மை அகன்றுவிடாமல் தங்கி நிற்றலாகும். அருள்மறைச் சொற்களுக்கு அகராதி கண்ட இமாம் ராகிப் அல்இஸ்ஃபஹானி (ரஹ்) அவர்களும், இறைவன் அருளும் நன்மை ஒரு பொருளில் நிலைபெறுதலையே இதற்குப் பொருளாகக் கொண்டார்கள்.

இச்சொல்லையே பெயராகச் சூட்டிக்கொண்டு 1992ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டிலிருந்து ஒரு திரைப்படம் வெளிவந்தது. "பரக்கா" என்பது அதன் பெயர். ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்டு ஓடும் அப்படத்தில் கதை இல்லை. நடிகர் பேசும் உரையாடல் இல்லை. விளக்கிச் சொல்லும் பின்னணிக் குரல் இல்லை. திரையில் தோன்றும் இடம் இன்னதென்று எழுதிக்காட்டும் எழுத்தும் இல்லை. இசையும் வழிபாட்டு ஓசைகளும் ஒலிக்கக் காட்சிகள் மட்டுமே ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன.

அரபுக் கல்லூரியில் சொல்லிலக்கணமும் தொடரிலக்கணமும் கற்றுச் சொல்லையே வாழ்நாள் ஊதியமாகக் கொண்ட நமக்கு, சொல்லே வேண்டாமென்று விலக்கிய ஒரு படத்தைப் பற்றி எழுத என்ன உரிமை என்று வாசகர்கள் கேட்கலாம். அதற்கு விடை ஒரு நிழற்படக் கலைஞரிடம் இருக்கிறது. சிறு பிராயத்தில் நம்மிடம் திருமறை ஓதிய மாணவர் அவர். கறுப்பு வெள்ளைச் சுருளை இருட்டறையில் கழுவிய காலந்தொட்டு இத்தொழிலில் இருப்பவர். உலகிலுள்ள திரைப்படங்களில் தமக்கு ஒன்றே போதும், அது பரக்காதான் என்று பல்லாண்டுகளாகச் சொல்லி வந்தார். "ஹஜ்ரத், சொல் வேண்டாத இடம் ஒன்று உண்டென்று நீங்களே ஒப்புக்கொள்வீர்கள், ஒருமுறை வந்து பாருங்கள்" என்று அழைத்தார். சென்றோம், இருமுறை பார்த்தோம். அவர் சொன்னதில் எவ்வளவு ஒப்புகிறோம், எங்கே ஒப்ப இயலவில்லை என்பதே இக்கட்டுரை.

கருவியும் கலைஞரும்

இப்படத்தை இயக்கியவரும் ஒளிப்பதிவு செய்தவரும் ரான் ஃப்ரிக்கி என்னும் ஒருவரே. தயாரித்தவர் மார்க் மேகிட்சன். இசை அமைத்தவர் மைக்கேல் ஸ்டெர்ன்ஸ். இதற்கு முன்னர், 1982இல் காட்ஃப்ரே ரெஜியோ என்பவர் இயக்கிய "கோயானிஸ்கட்ஸி" என்னும் சொல்லில்லாப் படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவரும் ஃப்ரிக்கியே. அதன் பெயர் அமெரிக்கப் பழங்குடியினரான ஹோப்பி மக்களின் சொல். சமநிலை இழந்த வாழ்வு என்று பொருள்படும். பின்னர் 2011இல் ஃப்ரிக்கி எடுத்த மற்றொரு படத்துக்கு "சம்சாரா" என்று வடமொழிப் பெயர் இட்டார். சொல்லைத் துறந்த மூன்று படங்களும் வாயிலில் ஒவ்வொரு சொல்லை நிறுத்தியே நம்மை உள்ளே அழைக்கின்றன என்பதும், அச்சொற்கள் மூன்றும் சொல்லைப் புனிதமாகப் போற்றும் மக்களிடமிருந்து பெறப்பட்டவை என்பதும் கருதத்தக்கன. முற்றும் ஊமையாக நிற்க அப்படங்களுக்கும் மனம் வரவில்லை போலும்.

காட்சி ஒன்றையே நம்பிப் படம் எடுத்தல் ஃப்ரிக்கி தொடங்கிய வழியன்று. 1929இலேயே சோவியத் நாட்டு ஜிகா வெர்தோவ், திரைக்கருவியுடன் நகரில் அலையும் ஒரு மனிதனைப் பற்றிய தம் படத்தின் தொடக்கத்தில், இதில் இடையெழுத்துகள் இல்லை, கதையமைப்பு இல்லை, அரங்கு இல்லை என்று அறிவித்தார். அவ்வறிவிப்பையும் எழுத்தாலேயே செய்தார் என்பது வேறு செய்தி.

பரக்காவுக்கென 24 நாடுகளில் 14 மாதங்கள் படம் பிடித்தனர். வழக்கமான 35 மில்லிமீட்டர் சுருளை விடுத்து, 65 மில்லிமீட்டர் அகலமுள்ள சுருளில் பதிந்து 70 மில்லிமீட்டர் படமாக வெளியிட்டனர். ஒவ்வொரு சட்டத்தின் பரப்பும் வழக்கமான சட்டத்தைப்போல் மூன்று மடங்குக்கும் மேற்பட்டது. அதனாலேயே தொலைவில் நிற்கும் மனிதனின் கண்ணிமையும் மலைச் சரிவின் ஒற்றைக் கல்லும் தெளிவாகத் தெரிகின்றன. நம் மாணவர் இதனை எமக்கு விளக்குகையில், தொழுகைக்குமுன் ஒளு செய்பவர் விரலிடுக்கையும் விடாமல் கழுவுவதுபோல இக்கலைஞர் காட்சியின் மூலைமுடுக்கையும் விடவில்லை என்றார்.

மற்றொரு நுட்பத்தையும் வாசகர்கள் அறிந்துகொள்ளுதல் நலம். திரைப்படத்தில் நொடிக்கு 24 சட்டங்கள் ஓடுகின்றன. பத்து நொடிக்கு ஒரு சட்டம் வீதம் பதிந்து, அதனை வழக்கமான விரைவில் ஓட்டினால், ஒரு மணி நேரம் நிகழ்ந்தது திரையில் 15 நொடிகளில் நிகழ்ந்துவிடும். மேகம் ஆறாகப் பாயும். விண்மீன்கள் வானைச் சுற்றிச் செல்லும். நகரத்து ஊர்திகள் ஒளிக்கோடுகளாகும். இவ்வாறு பதியும் வேளையிலேயே கருவியும் மெல்ல மெல்ல நகரும்படி கணிப்பொறியால் இயங்கும் அமைப்பை ஃப்ரிக்கி கையாண்டார். இந்த நுட்பம் இப்படத்தின் பெருமையும் ஆகும், குறையும் ஆகும். அதனைப் பின்னர்க் காண்போம்.

நிழலைச் சிறைப்பிடித்தல்

உருவப்படம் என்றதும் நம்மவர் உள்ளத்தில் எழும் ஐயத்தைத் தாண்டிச் செல்வது நேர்மையாகாது. உயிருள்ளவற்றின் உருவம் சமைத்தலைக் கண்டிக்கும் நபிமொழிகள் நிழற்படத்துக்கும் பொருந்துமா என்ற வினா நம் உலமாப் பெருமக்களிடையே நெடுநாள் ஆராயப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியில் எகிப்தின் முஃப்தியாக இருந்த ஷைகு முஹம்மது பகீத் அல்முதீஈ அவர்கள், நிழற்படம் புதிதாக ஓர் உருவைப் படைத்தலன்று, முன்னரே உள்ள நிழலைத் தடுத்து நிறுத்தலே என்று வாதிட்டு அதனை ஆகுமாக்கினார்கள். தேவ்பந்த் மரபைச் சேர்ந்த பேரறிஞர் பலர் இவ்வாதத்தை ஏற்கவில்லை. தேவை ஏற்பட்டால் அன்றிக் கூடாது என்றனர். இருசாராரும் இறையச்சம் உடையோரே. தீர்ப்பு வழங்குவது இக்கட்டுரையின் நோக்கமன்று. எகிப்திய ஷைகு கூறிய காரணமும் "நிழற்படம்" என்ற நம் தமிழ்ச் சொல்லும் ஒன்றையொன்று அறியாமலே கைகோத்து நிற்பதை மட்டும் சுட்டுகிறோம்.

இக்கலைக்கு அடிப்படையான ஒளியியலில் நம் முன்னோர்க்குள்ள பங்கையும் மறத்தலாகாது. பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம் (ரஹ்) அவர்கள், கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால் காண்கிறோம் என்ற பழங் கொள்கையை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதாலேயே காண்கிறோம் என்று நிறுவினார்கள். அவர்களுடைய "கிதாபுல் மனாளிர்" இலத்தீன் மொழிக்குச் சென்று 1572இல் பாசல் நகரில் அச்சேறியது. சிறு துளை வழியே ஒளி புகும் இருண்ட அறையை ஆராய்ந்து "அல்பைத்துல் முழ்லிம்" என்று அவர்கள் குறித்தனர். நம் மாணவர் சுருள் கழுவிய இருட்டறையும் பெயரளவில் அதுவே. ஆயினும் "கேமரா" என்ற சொல்லே அரபிலிருந்து வந்தது என்று மேடைகளில் சிலர் முழங்குவது பிழை. அது அறை என்று பொருள்படும் இலத்தீன் சொல். உண்மையான பெருமை இருக்கையில் பொய்ப் பெருமை நமக்கு எதற்கு?

புனித நகரங்களை முதன்முதல் நிழற்படம் எடுத்தவரும் ஒரு முஸ்லிமே. எகிப்தியப் படையின் பொறியாளரான முஹம்மது சாதிக் பே 1861இல் மதீனாவையும் 1880இல் மக்காவையும் படம் பிடித்தார். எனவே, கஃபத்துல்லாஹ்வைக் காட்டும் பரக்கா போன்றதொரு படம் நமக்கு முற்றிலும் அயலாரது வீடன்று.

நிற்கும் முகங்கள்

இனிப் படத்துக்குள் செல்வோம். தொடக்கத்தில் இமயப் பனிமலைகள் தோன்றுகின்றன. அடுத்து ஜப்பானின் நகானோப் பகுதியில் வெந்நீர் ஊற்று ஒன்றில் கழுத்தளவு அமர்ந்திருக்கும் ஒரு குரங்கு. தலைமேல் பனி விழுகிறது. ஆவி மிதக்கிறது. அது எங்கோ பார்க்கிறது. பிறகு மெல்லக் கண்களை மூடுகிறது. வேறொன்றும் நிகழவில்லை.

நம் மாணவர் இவ்விடத்தில் படத்தை நிறுத்தி எம்மைப் பார்த்தார். "ஹஜ்ரத், நாங்கள் நொடியில் நூற்றில் ஒரு பங்கை வைத்துப் பிழைப்பவர்கள். அந்தக் கணம் போய்விட்டால் போனதுதான். இங்கே அந்தக் கணம் முடியாமல் நீள்கிறது பாருங்கள். இவர் எதையும் துரத்தவில்லை, காத்திருக்கிறார்" என்றார். அவர் கண்டதை யாமும் கண்டோம். அக்குரங்கின் கண்ணில் சிந்தனையைக் கண்டதாக எண்ணிய நொடியிலேயே, அச்சிந்தனை அதனுடையதா எம்முடையதா என்ற ஐயமும் பிறந்தது. சொல்லொன்று குறுக்கிட்டிருப்பின் அவ்வையம் பிறந்திராது. விலங்கியல் அறிஞர் ஒருவரின் குரல் வந்து அதன் இனத்தையும் எடையையும் கூறியிருக்கும். நாமும் தெரிந்துகொண்ட நிறைவில் பார்ப்பதை நிறுத்தியிருப்போம்.

இதனினும் சிறந்தவை மனித முகங்கள். காட்டில் வாழும் பழங்குடியினரும் நகரத்தில் வாழ்வோரும் கருவியை நேரே நோக்கி அசையாது நிற்கின்றனர். புன்னகை இல்லை, நடிப்பு இல்லை. நிழற்படத்துக்கு நிற்பதுபோல் நிற்கின்றனர். ஆயினும் மூச்சு ஏறி இறங்குகிறது, இமை அடிக்கிறது, காற்றில் ஒரு மயிரிழை அசைகிறது. "அசையாதீர்கள் என்று ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அசையாமல் நிற்கும்போது மனிதரிடம் எவ்வளவு அசைகிறது என்று இந்தப் படம்தான் எனக்குக் காட்டியது" என்றார் அவர். தொல்காப்பியர் மெய்ப்பாட்டுக்கென ஓர் இயலே வகுத்தார். உள்ளத்து உணர்ச்சி உடலில் புலப்படுதலே அவ்வியலின் பொருள். அந்த இயலுக்கு உரை வகுக்க வந்தவை போன்றிருந்தன இம்முகங்கள்.

சொல்லின் வேரை இங்கே மீண்டும் நினைவுகூர்வோம். முழங்கால் மடித்து அமர்ந்த ஒட்டகமும் தேங்கி நின்ற நீரும் பரக்கத்தின் தாய்ப்பொருள்கள். இப்படத்தில் எங்கெல்லாம் கருவி அமர்ந்து தங்குகிறதோ அங்கெல்லாம் அது தன் பெயருக்குத் தகுதி பெறுகிறது. டோக்கியோவின் பரபரப்பான வீதியில் பௌத்தத் துறவி ஒருவர் சிறு மணியை ஒலித்தவாறு, அடிக்குமேல் அடிவைத்து மிக மெதுவாக நடக்கிறார். அவரைக் கடந்து நகரமே விரைகிறது. அவர் நெறி வேறு, நம் நெறி வேறு. ஆயினும், கடைத்தெருவின் ஆரவாரத்தினூடே உதடசையாமல் திக்ரு செய்துகொண்டு நடந்த நம் பெரியோரை அக்காட்சி நினைவூட்டாமல் இல்லை.

ஈரானின் ஷீராஸ் நகரிலுள்ள ஷாஹே சிராக் அடக்கத்தலத்தின் உட்புறமும் படத்தில் வருகிறது. சுவரும் கூரையும் சிறு சிறு கண்ணாடிச் சில்லுகளால் இழைக்கப்பட்டவை. அங்கு நிற்பவரின் உருவம் ஓரிடத்திலும் முழுமையாகத் தெரியாது. ஆயிரம் துணுக்குகளாகச் சிதறி ஒளி மட்டுமே எஞ்சும். உருவத்தை அஞ்சிய சமுதாயம் ஒளியை எவ்வாறு கொண்டாடியது என்பதை நூறு பக்கம் எழுதினாலும் அந்தச் சில நொடிகள் அளவுக்கு விளக்க நம்மால் இயலாது. இவ்விடத்தில் நம் மாணவருக்கு முழு வெற்றியை ஒப்புக்கொடுக்கிறோம்.

சொல்லில்லை; தொடரிலக்கணம் உண்டு

ஆனால் இப்படம் உண்மையிலேயே பேசாத படமா? ஒரு காட்சித் தொடரை எடுத்துக்கொள்வோம். கோழிக்குஞ்சுப் பண்ணை. பிறந்து அதிக நேரமாகாத மஞ்சள் குஞ்சுகள் நகரும் பட்டையில் கொட்டப்படுகின்றன. தொழிலாளர் கைகள் அவற்றைப் பொறுக்கிப் பிரித்து எறிகின்றன. அலகின் நுனி சூடிட்டுப் பொசுக்கப்படுகிறது. இதனோடு மாறி மாறி வருவது டோக்கியோ இரயில் நிலையம். நகரும் படிக்கட்டுகளில் மனிதர் கொட்டப்படுகின்றனர், வாயில்களில் பிரிகின்றனர், பெட்டிகளில் அடைகின்றனர். ஒரு சொல்லும் இல்லை. ஆயினும் பொருள் உரத்து ஒலிக்கிறது.

அரபு அணியிலக்கணத்தின் பேராசான் அப்துல் காஹிர் அல்ஜுர்ஜானி (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில், சொல்லின் சிறப்புத் தனிச் சொல்லில் இல்லை, சொற்கள் ஒன்றோடொன்று கோக்கப்படும் முறையிலேயே உள்ளது என்று நிறுவினார்கள். அக்கோவைக்கு "நள்மு" என்று பெயர். இரு வாக்கியங்களை எங்கே இணைப்பது, எங்கே பிரிப்பது என்பதற்கு "வஸ்ல்", "ஃபஸ்ல்" என்று மதரஸாக்களில் ஓர் அதிகாரமே ஓதிக்கொடுக்கிறோம். ஃப்ரிக்கி செய்வதும் அதுவே. குஞ்சையும் மனிதனையும் அடுத்தடுத்து வைத்தவுடன் அங்கே ஓர் உவமை பிறந்துவிடுகிறது. உவமை பிறந்தால் உரைத்தவர் ஒருவரும் உண்டு. அவர் தீர்ப்பும் உண்டு. ஆகவே இப்படத்தைச் சொல்லில்லாப் படம் எனலாம். கருத்துரைக்காத படம் எனல் ஆகாது. கருத்துரைப்பவர் பேசாமல் உரைப்பதால் அவரை மறுத்துக் கேட்கும் வாய்ப்புப் பார்ப்பவருக்குக் குறைந்துவிடுகிறது. மேடையில் பேசுபவரை எழுந்து நின்று வினவலாம். அடுத்தடுத்து வைக்கப்பட்ட இரு காட்சிகளை யார் வினவுவது?

இதனினும் நுண்ணியதொரு சிக்கல் கஃபத்துல்லாஹ் காட்சியில் எழுகிறது. உயரத்திலிருந்து கருவி பார்க்கிறது. காலம் சுருக்கப்பட்டுள்ளது. நடுவே கஃபா அசையாது நிற்க, அதனைச் சுற்றி மக்கள் வெள்ளம் சுழல்கிறது. கண்டதும் மெய்சிலிர்த்தோம் என்பதை மறைக்கவில்லை. கோள்கள் தத்தம் வட்டத்தில் நீந்துவதைத் திருமறை பேசுமன்றோ? அதே படத்தில் விண்மீன்கள் சுற்றுவதையும் கண்ட கண்ணுக்கு, தவாபு என்னும் வணக்கம் படைப்பு முழுவதும் செய்யும் வணக்கத்தின் ஒரு துளி எனத் தோன்றுகிறது.

இரண்டாம் முறை பார்த்தபோது அமைதி குலைந்தது. நகரத்து ஊர்திகளை விரைவாக்கிக் காட்டியபோது அவ்விரைவு நம் வாழ்வைப் பழித்தது. தவாபை விரைவாக்கிக் காட்டும்போது அதே விரைவு புகழ்வதாக நாம் கொள்ள வேண்டும். ஒரே கருவி, ஒரே நுட்பம்; ஓரிடத்தில் இகழ்ச்சி, மற்றோரிடத்தில் வாழ்த்து. இவ்வேற்றுமையைப் படம் எங்கே கூறுகிறது? எங்கும் கூறவில்லை. பார்ப்பவர் தம் உள்ளத்தில் முன்னரே வைத்திருப்பதைக் கொண்டு நிரப்பிக்கொள்கிறார். தவாபு இன்னதென்று அறியாத ஒருவர், இரயில் நிலையத்துக் கூட்டத்தையும் இக்கூட்டத்தையும் ஒன்றெனக் கொண்டால் அவரைக் குறைகூற இயலுமா?

தவாபு செய்தவர் அறிவார், அது சுழல் அன்று. அருகில் நடக்கும் முதியவரின் கைத்தடி, முன்னே செல்லும் தாயின் தோளில் உறங்கும் குழந்தை, எண்ணிக்கை தவறிவிடுமோ என்ற அச்சம், ஏழாவது சுற்றில் கால் வலி, எந்த மொழியிலென்று தெரியாமல் காதில் விழும் ஓர் அழுகை. இவையே தவாபு. குரங்கின் கண்ணுக்குப் பொறுமையோடு காத்திருந்த கலைஞர், ஹாஜிகளின் முகங்களுக்கும் அவ்வாறு காத்திருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்று ஏங்கினோம். இதனை நம் மாணவரிடம் கூறினோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்து, "அந்த உயரத்திலிருந்து எடுத்தால் எல்லாமே அழகாகிவிடும் ஹஜ்ரத், அதுதான் ஆபத்து" என்றார். தொழிலறிந்தவர் வாயிலிருந்து வந்த இவ்வொரு வாக்கியம் நம் பல பத்திகளுக்கு ஈடாகும்.

பெயரில்லாத் துயரங்கள்

பாலைவனத்தில் எண்ணெய்க் கிணறுகள் எரிகின்றன. கரும்புகை வானை மூடுகிறது. சிதைந்த ஊர்திகள் மணலில் கிடக்கின்றன. அக்காட்சியின் கொடிய அழகை மறுப்பார் இல்லை. அது எந்த நாடு, தீயிட்டவர் யார் என்று படம் சொல்லாது. அது குவைத். 1991ஆம் ஆண்டுப் போரில் பின்வாங்கிய ஈராக்கியப் படையினர் 600க்கும் மேற்பட்ட கிணறுகளுக்குத் தீவைத்தனர். கடைசித் தீ அவ்வாண்டு நவம்பரில்தான் அணைந்தது. அதற்கு முந்திய 1990 ஆகஸ்டில் குவைத் பிடிக்கப்பட்டபோது, அங்கு உழைத்துக்கொண்டிருந்த இந்தியர் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தாயகம் திரும்ப நேர்ந்தது. கையிலிருந்ததையும் விட்டு வந்த அவர்களில் நம் சமுதாயத்து இளைஞரும் இருந்தனர். இவ்விதழின் வாசகர் இல்லங்கள் சிலவற்றில் அந்நினைவு இன்னும் ஆறியிராது. அவ்வில்லத்தார்க்கு அத்தீ "பூமியின் வேதனை" அன்று. அதற்குப் பெயர் உண்டு, தேதி உண்டு, பொறுப்பேற்க வேண்டியோரும் உண்டு.

மற்றொரு காட்சி இன்னும் கடுமையானது. சுவர் நிறைய முகங்கள். கறுப்பு வெள்ளை நிழற்படங்கள். கம்போடியாவின் நோம்பென் நகரில் தூல் ஸ்லெங் என்னும் இடத்தில் உள்ளவை. ஒரு காலத்தில் அது பள்ளிக்கூடம். 1975 முதல் 1979 வரை ஆண்ட கெமர் ரூஜ் அரசு அதனைச் சித்திரவதைச் சிறையாக்கியது. சிறைக்கு வந்தவர் ஒவ்வொருவரையும் சிறையதிகாரிகளே படம் எடுத்து வைத்தனர். அவர்களுள் உயிர் தப்பியோர் மிகச் சிலரே. அக்கொடியோரின் ஆட்சியில் கம்போடியாவின் சாம் முஸ்லிம்களும் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டனர். ஆசிரியத் தொழில் செய்யும் நமக்கு, வகுப்பறைகள் சிறையறைகளாக மாறிய அக்கட்டடத்தை நினைக்கவே உள்ளம் பதறுகிறது.

இங்கே நம் வாதத்தின் மையத்தை அடைகிறோம். அம்முகங்களும் கருவியை நேரே நோக்குகின்றன. பழங்குடியினரும் நகரத்தாரும் நோக்கியது போலவே அசையாமல் நோக்குகின்றன. ஆனால் எதிரே நின்ற நிழற்படக்காரர் கொலைஞரின் ஊழியர். முகம் ஒன்றையே கண்டு, சொல் ஒன்றும் கேளாமல் நின்றால், அன்போடு எடுத்த படத்துக்கும் கொல்வதற்கு முன் எடுத்த படத்துக்கும் உள்ள வேறுபாட்டை எவ்வாறு அறிவது? அறிவிப்பது சொல்தான். இன்னார், இன்ன ஊரார், இன்ன நாளில் இங்கே கொண்டுவரப்பட்டார் என்ற ஒரு வரிதான்.

நம் மாணவர் விடாமல் வாதிட்டார். "பெயர் எழுதிவிட்டால் பார்ப்பவர் பெயரைப் படித்துவிட்டு முகத்தை விட்டுவிடுவார். பெயரில்லாதபோதுதான் யாராகவும் இருக்கலாமே, நம் பிள்ளையாகவும் இருக்கலாமே என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது" என்றார். இதில் உண்மை உண்டு, இலேசாகத் தள்ளத்தக்கதன்று. ஆயினும் யாராகவும் இருக்கலாம் என்ற இரக்கம் விரைவில் யாராயிருந்தால் என்ன என்ற மறதியாகத் தேய்ந்துவிடும் என்று அஞ்சுகிறோம். ஆதிமனிதர் ஆதம் (அலை) அவர்களுக்கு இறைவன் முதன்முதலாகக் கற்பித்தவை பெயர்கள் என்று திருமறை அறிவிக்கிறது. வானவர்கள் அறியாதிருந்ததும் மனிதர் அறிந்ததும் அவையே. ஒன்றைப் பெயர் சொல்லி அழைப்பது அதன் உரிமையை ஒப்புக்கொள்வதாகும். கல்கத்தாவின் குப்பை மேட்டில் மாடுகளோடு போட்டியிட்டுப் பொறுக்கும் அம்மக்களுக்கும் பெயர் இருந்திருக்கும். படம் அவர்களின் வறுமையைப் பெற்றுக்கொண்டது, பெயரைக் கேட்கவில்லை.

சுட்டுவிரலும் சொல்லும்

அப்படியாயின் சொல்லே எல்லாமா? அவ்வாறும் கூறத் துணியோம். ஒட்டகத்தையும் வானத்தையும் மலையையும் பூமியையும் உற்றுப் பார்க்குமாறு திருமறையே நம்மை ஏவுகிறது. ஓதுவதோடு நின்றுவிட்டுப் பார்க்க மறந்த குற்றம் நம்மைப் போன்றோரிடம் உண்டு. நாற்பதாண்டு காலம் அவ்வசனங்களை ஓதிக்கொடுத்த நாம், ஒரு விலங்கின் முகத்தை ஒரு நிமிடம் முழுமையாக நோக்கியது இப்படத்தின் முன்னர்தான் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

உமறுப் புலவர் சீறாப் புராணத்தில் அரபு நாட்டைத் தமிழ் நாட்டு மழையாலும் ஆற்றாலும் வயலாலும் வரைந்தார். கேட்டவர் ஒவ்வொருவரும் தத்தம் மக்காவை உள்ளத்தே கட்டிக்கொண்டனர். சொல்லின் வலிமை அது. அந்த மக்கா எப்படி இருக்கிறதென்று நேரே காட்டுவது கருவியின் வலிமை. ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது. நம் முன்னோர் பள்ளிவாசற் சுவர்களில் கூஃபி எழுத்தைப் பொறித்துச் சொல்லையே காட்சியாக்கினர். ஃப்ரிக்கி காட்சியைச் சொல்லாக்க முயன்றார். பெருமளவு வென்றார், வெல்லாத இடங்கள் பெயர் தேவைப்பட்ட இடங்களே.

அன்னை மர்யம் (அலை) அவர்கள் பேசாநோன்பு பூண்டு, கைக்குழந்தையோடு தம் மக்களிடம் வந்த வரலாற்றை நாம் அறிவோம். பழித்துக் கேட்டவர்களுக்கு அவர்கள் சொல்லால் விடை பகரவில்லை. குழந்தையைச் சுட்டிக் காட்டினார்கள். அந்தச் சுட்டுதல் எந்தப் பேச்சினும் மேலானது. ஆனால் வரலாறு அங்கே முடியவில்லை. தொட்டிலிலிருந்த குழந்தை பேசிற்று. தாயின் தூய்மை விளங்கிற்று. அப்பெருநிகழ்ச்சியை ஒரு திரைப்படத்துக்கு ஒப்பிட நாம் துணியவில்லை. அதிலுள்ள ஒழுங்கை மட்டும் பாடமாகக் கொள்கிறோம். முதலில் சுட்டுதல், பின்னர் சொல். சுட்டுவதைப் பார்க்குமுன் பேசத் தொடங்குவது அவசரம். சுட்டியதோடு நின்றுவிடுவது குறை.

படத்தைக் குடும்பத்தோடு காண விரும்புவோர் சிலவற்றை முன்கூட்டி அறிதல் நலம். காசியில் எரியும் உடலும், மண்டையோடுகளும், குஞ்சுகள் படும் துன்பமும் சிறு குழந்தைகளைக் கலக்கும். பழங்குடியினர் காட்சிகளிலும் வேறு சில இடங்களிலும் உடை குறித்த நம் நெறிக்கு ஒவ்வாதவை உண்டு. இசையைத் தவிர்ப்போர் அவரவர் பேணுதலின்படி நடப்பார்கள். இவற்றை அறிந்து, பெரியவர் முதலில் தாமே பார்த்து, வளர்ந்த பிள்ளைகளுக்கு வேண்டிய பகுதியைக் காட்டுவதே முறை.

காட்டியபின் எழுந்து போய்விடாதீர்கள். உலகப் படத்தை விரித்து வையுங்கள். எரிந்த பாலைவனம் எது, முகங்கள் நிறைந்த சுவர் எந்த ஊரில் உள்ளது, கண்ணாடிக் கூரை எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள். பெயர்களை அவர்கள் வாயால் சொல்லட்டும். கைப்பேசியில் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான படங்களைத் தள்ளிக்கொண்டே போகும் அவர்களுக்கு, ஒரு படத்தின்முன் தங்கி நிற்கவும், கண்டதற்குப் பெயர் கேட்கவும் நாம் கற்பித்துவிட்டால் அதுவே பெரும் பேறு.

விடைபெறும்போது நம் மாணவர் எம்மையும் ஒரு படம் எடுக்க விரும்பினார். தயங்கினோம், அவர் வற்புறுத்தவில்லை. சில நாட்கள் கழித்து அவரிடம் ஒரு வேண்டுகோள் விடுத்தோம். அவர் கடை அலமாரியில் பல்லாண்டுகளாக யாரும் வந்து பெற்றுக்கொள்ளாத பழைய நிழற்படங்கள் கட்டுக் கட்டாகக் கிடக்கின்றன. அவற்றில் உள்ளவர் இன்னாரென்று நினைவுள்ளவரை பின்புறத்தில் எழுதி வைக்குமாறு சொன்னோம். எழுதத் தொடங்கிவிட்டார். எழுதும்போதெல்லாம் அந்த முகத்தை மறுபடியும் நெடுநேரம் பார்க்கிறேன் ஹஜ்ரத் என்றார். பார்வையிலும் சொல்லிலும் வல்ல நாயன் நம் அனைவர்க்கும் பரக்கத் அருள்வானாக. ஆமீன்.